மைதானம் அங்கே, இயக்குநர் இங்கே



தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு ஒரு காட்சி நினைவிருக்கும். எதிர்க் குன்றில் ஒருவர் விறகு பிளந்துகொண்டிருப்பார். கோடரி இறங்குவதைக் கண் பார்த்துவிடும். 'டக்' என்ற ஓசையோ சற்றுப் பொறுத்துத்தான் காதுக்கு எட்டும். அதற்குள் அவர் கோடரியை மறுபடியும் தூக்கியிருப்பார். ஒலி ஒரு நொடியில் ஏறக்குறைய 340 மீட்டர் தூரமே செல்லும். ஒளியோ அந்தத் தூரத்தை நாம் கண் இமைப்பதற்குள் கடந்துவிடும். குன்று 340 மீட்டர் தள்ளியிருந்தால், கண்ணுக்கும் காதுக்கும் நடுவே ஒரு நொடி இடைவெளி. சிறு வயதில் அதை வேடிக்கையாகப் பார்த்தோம். ஆனால் தொலைக்காட்சி, வானொலி நிலையங்களில் வேலை செய்வோருக்கு அந்த இடைவெளி வேடிக்கையல்ல. இன்று நாம் பேசப்போகும் தொழில் முழுவதும் அந்த இடைவெளியோடு மல்லுக்கட்டும் தொழில்தான்.

அது என்ன தொழில்? நிகழ்ச்சி ஓரிடத்தில் நடக்கிறது. அதை உருவாக்கும் கலைஞர்கள் வேறோர் இடத்தில், சில சமயம் வேறொரு நாட்டில், உட்கார்ந்திருக்கிறார்கள். தொலைவிலிருந்தே தயாரிப்பது என்று இதைச் சொல்லலாம்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஈப்போவில் ஒரு காற்பந்தாட்டம் நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய முறையில் கோலாலம்பூரிலிருந்து ஒரு பெரிய வண்டி புறப்படும். வெளியிலிருந்து பார்த்தால் சாமான் ஏற்றும் லாரிபோல் இருக்கும். உள்ளே நுழைந்தால் சுவர் முழுவதும் சின்னச் சின்னத் திரைகள். மைதானத்தில் எட்டு கேமராக்கள் இருந்தால், எட்டுப் படங்களும் அங்கே தெரியும். நடுவில் இயக்குநர் அமர்ந்து, "மூன்று... இப்போது ஐந்து..." என்று சொல்லிக்கொண்டே இருப்பார். அவர் சொல்லும் படமே நம் வீட்டுக்கு வரும். அவர் பக்கத்தில் ஒலியைச் சீர்செய்பவர், போட்ட கோலைத் திருப்பிக் காட்டுபவர், ஆட்டக்காரரின் பெயரைத் திரையின் அடியில் எழுதுபவர் என்று பலர் இருப்பார்கள். கேமராவைப் பிடிப்பவர்கள், கம்பி இழுப்பவர்கள், ஓட்டுநர்கள் ஆகியோரையும் சேர்த்தால் கூட்டம் பெரிது. எல்லாருக்கும் தங்குமிடம், சாப்பாடு, படி. தொண்ணூறு நிமிட ஆட்டத்துக்கு இரண்டு மூன்று நாள் வேலை.

புதிய முறையில் கேமராக்களும் ஒலிவாங்கிகளும் அவற்றைக் கையாளுகிற சிலரும் மட்டுமே ஈப்போவுக்குப் போகிறார்கள். எட்டுப் படங்களும் கண்ணாடி இழைக் கம்பி வழியாகக் கோலாலம்பூருக்கு ஓடி வருகின்றன. இயக்குநர் தம் வழக்கமான நாற்காலியிலேயே இருந்து "மூன்று... ஐந்து..." என்கிறார். மாலையில் ஈப்போ ஆட்டத்தை முடித்துவிட்டு, அதே நாற்காலியில் இருந்தபடி இரவில் ஜொகூர் ஆட்டத்தையும் நடத்திவிடலாம்.

இந்த எண்ணம் நேற்று முளைத்ததன்று. 1969ஆம் ஆண்டு ஜூலையில் மனிதன் முதன்முதலாகச் சந்திரனில் கால் வைத்தான் அல்லவா? அந்த நேரடி ஒளிபரப்பை எண்ணிப் பாருங்கள். கேமரா இருந்த இடத்துக்கும் நிகழ்ச்சியை நடத்தியவர்கள் இருந்த இடத்துக்கும் நடுவே சுமார் 3,84,000 கிலோமீட்டர். சந்திரனிலிருந்து வந்த படத்தை ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் இருந்த பெரிய வானலைத் தட்டுகள் ஏந்திக்கொண்டன. ஆம்ஸ்ட்ராங் ஏணியிலிருந்து இறங்கிய காட்சியை உலகுக்குத் தந்தது ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பராவுக்கு அருகிலுள்ள ஹனிசக்கிள் கிரீக் நிலையம். சில நிமிடங்களுக்குப் பிறகு, அதே நாட்டில் பார்க்ஸ் என்னும் ஊருக்கு அருகே ஆட்டு மேய்ச்சல் வெளியில் நிற்கும் 64 மீட்டர் அகலத் தட்டின் படம் தெளிவாக வரவே, அதற்கு மாறினார்கள். எந்த நிலையத்தின் படம் நன்றாக இருக்கிறது என்று பார்த்து முடிவு செய்தவர்கள் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் இருந்தார்கள். மூன்று இடங்கள், ஒரு நிகழ்ச்சி. சந்திரனிலிருந்து படம் வந்து சேர ஒன்றேகால் நொடிக்குச் சற்று அதிகமாயிற்று. அந்தக் கேமரா நொடிக்குப் பத்துப் படங்களையே அனுப்பியது. மனிதர்கள் ஆவிபோல் மங்கலாகத் தெரிந்தார்கள்.

சரி, சந்திரன் தொலைவானது, தாமதம் இயல்பு. பூமிக்குள்ளேயே ஏன் தாமதம் வருகிறது?

காரணங்கள் மூன்று. முதலாவது தூரம். நமக்குத் தொலைக்காட்சி அனுப்பும் துணைக்கோள்கள் நில நடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கின்றன. படம் அங்கே ஏறி இறங்கக் கால் நொடி பிடிக்கும். நிலையத்திலிருந்து கேள்வி போகக் கால் நொடி, பதில் திரும்பி வர இன்னொரு கால் நொடி. செய்தியில் வெளியூர் நிருபரிடம் கேள்வி கேட்டதும், அவர் பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு நின்றுவிட்டுப் பிறகு பேசத் தொடங்குவதைப் பார்த்திருப்பீர்கள். பதில் தெரியாமல் அவர் விழிக்கவில்லை. கேள்வி இன்னும் அவர் காதுக்குப் போய்ச் சேரவில்லை. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 2 இலட்சம் கிலோமீட்டர் ஓடும். ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் நடுவே அது ஒரு பொருட்டேயல்ல.

இரண்டாவது காரணம் படத்தின் கனம். தெளிவான தொலைக்காட்சிப் படத்தை அப்படியே அனுப்பினால் நொடிக்கு ஏறக்குறைய 150 கோடி பிட்டுகள் ஓட வேண்டும். பிட் என்பது கணினிச் செய்தியின் மிகச் சிறிய துணுக்கு. வீட்டு இணைய வசதி பெரும்பாலும் இவ்வளவைத் தாங்காது. ஆகவே படத்தைச் சுருக்க வேண்டியிருக்கிறது. மைதானத்தின் பின்னால் நிற்கும் மரம் அசையவில்லை. அதை நொடிக்கு 25 தடவை ஏன் வரைந்து அனுப்ப வேண்டும்? ஒருமுறை அனுப்பிவிட்டு, பிறகு பந்தும் ஆட்களும் நகர்ந்ததை மட்டும் சொன்னால் போதும். இப்படி 150 கோடியை 1 கோடியாகக்கூடக் குறைத்துவிடுகிறார்கள். ஆனால் எது மாறியது, எது மாறவில்லை என்று அறிய, இயந்திரம் சில படங்களைக் கையில் வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அந்தக் காத்திருப்பில் நேரம் போகிறது.

மூன்றாவது காரணத்தைத் தோட்டத்து மக்களுக்கு விளக்குவது மிகவும் எளிது. இன்று பல தோட்டங்களில் செம்பனை நின்றாலும், பால்மரம் வெட்டிய நாள்கள் பெரியவர்களுக்கு மறந்திருக்காது. ஒவ்வொருவரும் தத்தம் நிரையில் பாலெடுத்து, வாளியைத் தூக்கிக்கொண்டு எடை பார்க்கும் இடத்துக்கு வருவார்கள். பக்கத்து நிரைக்காரர் முன்னால் வந்துவிடுவார். மேட்டுக்காட்டில் வெட்டியவர் பிந்தி வருவார். லாரி எல்லாருக்கும் காத்திருக்கும். சீக்கிரம் புறப்பட்டால் பிந்தி வந்தவரின் பால் விட்டுப்போகும். மிகவும் பிந்தினாலோ முதலில் வந்த பால் உறையத் தொடங்கிவிடும்.

கம்பி வசதியில்லாத இடத்திலிருந்து படம் அனுப்பும் முறையும் இதுவேதான். கேமராக்காரர் முதுகில் ஒரு பையை மாட்டியிருப்பார். அதற்குள் நாலைந்து கைத்தொலைபேசிச் சிம் அட்டைகள், வெவ்வேறு நிறுவனங்களுடையவை. படம் துண்டு துண்டாக வெட்டப்பட்டு, எந்த வழி அப்போது ஒழிவாக இருக்கிறதோ அதன் வழியே ஓடுகிறது. ஒரு துண்டு முந்தும், ஒரு துண்டு பிந்தும். நிலையத்தில் உள்ள கருவி ஒரு நொடியோ இரண்டு நொடியோ காத்திருந்து, வந்த துண்டுகளை எண் வரிசைப்படி ஒட்டுகிறது. காத்திருக்கும் நேரத்தைக் குறைத்தால் படத்தில் ஓட்டை விழும். கூட்டினால் படம் சுத்தமாக வரும், ஆனால் பேச்சு பிந்தும். இந்த இரண்டுக்கும் நடுவே எங்கே நிற்பது என்பதுதான் இத்தொழிலின் கை நுணுக்கம். லாரி ஓட்டுநருக்கும் அதே சங்கடம்தான்!

இன்னொரு சிக்கலும் உண்டு. எட்டு கேமராக்களில் ஆறு கண்ணாடி இழை வழியாகவும் இரண்டு முதுகுப்பை வழியாகவும் வந்தால், முதல் ஆறு படங்களில் பந்து வலைக்குள் விழுந்திருக்கும். மற்ற இரண்டில் இன்னும் காற்றில் பறந்துகொண்டிருக்கும். இயக்குநர் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறினால் ஒரே கோல் இரண்டு முறை விழும்! இதைத் தவிர்க்க, ஒவ்வொரு படத்தின்மீதும் அது எடுக்கப்பட்ட நேரத்தைப் பொறித்து அனுப்புகிறார்கள். முந்தி வந்த படங்களை நிறுத்தி வைத்து, பிந்தி வந்தவற்றோடு சேர்த்து நடக்க விடுகிறார்கள். அதற்கு எல்லாக் கருவிகளின் கடிகாரமும் ஒன்றாக ஓட வேண்டும். ஒன்றாக என்றால் நம் கைக்கடிகாரம்போல் அன்று. பெரிய நிலையங்களில் நொடியைப் பத்து இலட்சம் கூறாகப் பிரித்து, அதில் ஒரு கூறு அளவுக்குக் கடிகாரங்களை ஒத்துப்போக வைக்கிறார்கள்.

கண்ணுக்கு இவ்வளவு என்றால் காதுக்கு என்ன? உண்மையைச் சொன்னால், எங்களைப் போன்ற வானொலிக்காரர்களுக்கு மிகவும் தொல்லை தந்தது இதுதான்.

2020 மார்ச் 18ஆம் தேதி மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்தது. அந்நாள்களில் நாங்கள் சிலர் வீட்டிலிருந்தே பேச்சுகளைப் பதிவு செய்தோம். எதிரொலி கேட்காமலிருக்கக் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு பேசியதும் உண்டு. பக்கத்து வீட்டுச் சேவல் எங்கள் நிகழ்ச்சிகள் சிலவற்றில் சம்பளமில்லாமல் பங்கெடுத்திருக்கிறது. ஒருமுறை இருவர் உரையாடல். ஒருவர் இந்த ஊரில், மற்றவர் வேறோர் ஊரில். தொடங்கிய இரண்டாவது நிமிடமே குழப்பம். பேசியவரின் குரல் மறுமுனைக்குப் போய், அங்கிருந்து திரும்பி, முக்கால் நொடி கழித்து அவர் காதிலேயே விழுந்தது. நம் குரலையே சற்றுப் பிந்திக் கேட்டால் நாக்கு குழறும்; எவ்வளவு தேர்ந்த பேச்சாளரும் திக்குவார். அன்று அவரும் திக்கினார். பார்த்துக்கொண்டிருந்த அவருடைய சின்ன மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

இதற்கு மருந்து என்னவென்று தொழில் தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஒவ்வொருவர் காதுக்கும் வெவ்வேறு கலவையை அனுப்ப வேண்டும். எல்லாருடைய குரலும் அதில் இருக்கும். கேட்பவரின் சொந்தக் குரல் மட்டும் இராது. ஐந்து பேர் பேசினால் ஐந்து கலவைகள். இந்தக் கலவை சரியாக இருந்தால் ஒருவரும் கவனிக்க மாட்டார்கள். தவறினால்தான் அப்படியொரு வேலை இருப்பதே தெரியும். எங்களுக்கு அன்று அது தெரிந்தது. பிறகு ஒரு சிறு ஏற்பாடும் செய்துகொண்டோம். பேச விரும்புகிறவர், கைத்தொலைபேசிப் படத்தில் தெரியும்படி கையை உயர்த்துவது. பள்ளிக்கூடப் பழக்கம்தான், ஆனால் நன்றாக வேலை செய்தது.

அதே 2020 ஏப்ரலில் அமெரிக்காவில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். அங்கே 32 காற்பந்துக் குழுக்கள் ஆண்டுதோறும் புதிய ஆட்டக்காரர்களை வரிசை முறையில் தேர்ந்தெடுக்கும் விழா உண்டு. அது அமெரிக்கப் பாணிக் காற்பந்து, நம்முடையது அன்று. அவ்வாண்டு விழாவை லாஸ் வேகாஸ் நகரில் ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில் நடத்த இருந்தார்கள். நோய் வந்துவிட்டது. உடனே என்ன செய்தார்கள்? தேர்வாகக்கூடும் என்று கருதப்பட்ட இளைஞர்களின் வீடுகளுக்குக் கைத்தொலைபேசிகள், தாங்கிகள், விளக்குகள், ஒலிவாங்கிகள் கொண்ட பெட்டிகளை அனுப்பிவைத்தார்கள். விளையாட்டுக் கழகத்தின் தலைவர் தம் வீட்டின் கீழறையில் நின்று பெயர்களை அறிவித்தார். நிகழ்ச்சியைக் கனெக்டிகட் மாநிலத்தில் பிரிஸ்டல் என்னும் ஊரிலுள்ள நிலையத்திலிருந்து தொகுத்தார்கள். மூன்று நாள், 255 தேர்வுகள். ஒரு பையனின் பெயர் வாசிக்கப்பட்டதும், அவன் தாயும் பாட்டியும் தம்பிகளும் சோபாவிலிருந்து துள்ளி எழுந்து அவனைக் கட்டிக்கொள்வதை நாடே பார்த்தது. பெரிய மேடையில் அந்தக் குடும்பம் தெரிந்திருக்குமா? எங்கள் கருத்து, மேடையைவிட அந்தச் சோபா நன்றாகவே இருந்தது என்பதுதான்.

அடுத்த ஆண்டு, 2021 ஜூலை 23 முதல் ஆகஸ்ட் 8 வரை, ஓராண்டு தள்ளிப்போன தோக்கியோ ஒலிம்பிக் நடந்தது. விளையாட்டுகளைப் படம் பிடிப்பதற்கென்றே ஒலிம்பிக் அமைப்புக்குச் சொந்தமான ஒரு நிறுவனம் இருக்கிறது. அது எடுக்கும் படத்தை எல்லா நாட்டு நிலையங்களும் பெற்றுக்கொள்ளலாம். பல நிலையங்கள் தம் ஆட்களில் பெரும்பகுதியினரை ஊரிலேயே நிறுத்திக்கொண்டன. பிரிட்டனின் பி.பி.சி. அறிவிப்பாளர்கள் தோக்கியோ நகரம் பின்னால் தெரிய உட்கார்ந்து பேசினார்கள். உண்மையில் அவர்கள் இருந்தது இங்கிலாந்தின் சால்ஃபர்ட் நகரில், ஏறக்குறைய 9,500 கிலோமீட்டருக்கு அப்பால். பின்னால் தெரிந்த நகரம் கணினி வரைந்த காட்சி. தோக்கியோவில் காலை பத்து மணி என்றால் சால்ஃபர்டில் நள்ளிரவு தாண்டி இரண்டு மணி. பயணம் மிச்சம், தூக்கம் மிச்சமில்லை!

இப்படிச் செய்வது நேயர்களை ஏமாற்றுவதாகாதா என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். இங்கிருந்துதான் பேசுகிறோம் என்பதை மறைக்காதவரை குற்றமில்லை என்பது எங்கள் எண்ணம்.

ஆனால் இதைவிடக் கனமான கேள்வி ஒன்று உண்டு. வண்டி வராவிட்டால், வண்டியோடு வந்த வேலையும் வராது. ஈப்போவில் கம்பி இழுத்த இளைஞர், சாப்பாடு கொடுத்த அம்மா, தங்குமிடம் வைத்திருந்தவர் ஆகியோருக்குக் கிடைத்த காசு நின்றுபோகிறது. மிச்சமாகும் பணம் யார் கைக்குப் போகிறது? பெரும்பாலும் ஈப்போவுக்கன்று. பால்மரத்தை வெட்டிச் செம்பனை நட்டபோது, வேலை குறைந்து லயங்கள் காலியானதைக் கண்டவர்கள் நம்மிடையே பலர். புதிய முறை வரும்போது, அதனால் யாருக்கு நன்மை என்று கேட்பதை அவர்களுக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஊர் தெரிந்த கண்ணும் தொலைந்துபோகக்கூடும். ஒரு தோட்டத்து மாரியம்மன் கோயில் தீமிதியைத் தொலைவிலிருந்து ஒளிபரப்புவதாக நினைத்துக்கொள்ளுங்கள். இயக்குநருக்குத் தெரிவது நான்கு திரைகள்தான். பூக்குழி தெரியும், கூட்டம் தெரியும். கரகம் எந்தப் பக்கமிருந்து வரும், பூசாரி எந்த இடத்தில் நிற்பார், எந்த அடி வைத்ததும் முதல் ஆள் இறங்குவார் என்பதெல்லாம் அவருக்கு எப்படித் தெரியும்? கேமரா பிடித்திருப்பவர் அந்தத் தோட்டத்துப் பிள்ளையாக இருந்தால், "ஐயா, கரகம் ஆற்றங்கரையிலிருந்து வருகிறது, இரண்டாம் கேமராவைத் திருப்பச் சொல்லுங்கள்" என்று காதோடு சொல்லிவிடுவான். முன்பு வண்டியோடு ஒரு நாள் முன்னதாக வந்து ஊரைச் சுற்றிப் பார்த்த இயக்குநருக்கு அந்தச் சொல் பாதிதான் தேவைப்பட்டது. இப்போதைய இயக்குநருக்கு அது முழுவதும் தேவை. தொலைவிலிருந்து தயாரிக்கும் முறை வளர வளர, அந்த இடத்தில் நிற்கும் ஆளின் மதிப்பு கூடவே செய்கிறது. அந்த மதிப்புக்கேற்ற கூலியையும் கேட்டுப் பெற வேண்டும் என்பதைப் பெற்றோர்கள் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகள் எங்கே தொடங்கலாம்? ஓ.பி.எஸ். ஸ்டூடியோ என்று ஒரு மென்பொருள் உண்டு. காசு கட்ட வேண்டியதில்லை. சாதாரணக் கணினியில் ஓடும். இரண்டு மூன்று கேமராப் படங்களை மாற்றி மாற்றிக் காட்டவும், பெயரை அடியில் எழுதவும், ஒலியைக் கூட்டிக் குறைக்கவும் அதில் பழகலாம். பள்ளி விளையாட்டு விழாவோ கோயில் திருவிழாவோ நல்ல பயிற்சிக்களம். திருமணம் வேண்டாம், முதல் முயற்சியிலேயே தாலி கட்டும் நேரத்தில் படம் நின்றுவிட்டால் உறவு முறிந்துவிடும்.

ஒன்றைக் கவனியுங்கள். இணைய வசதி விற்பவர்கள் பெரிய எழுத்தில் போடும் வேகம் பெரும்பாலும் வீட்டுக்குள் வரும் வேகம். படம் அனுப்ப நமக்கு வேண்டியது வெளியே போகும் வேகம். அது பல இடங்களில் மிகவும் குறைவாக இருக்கும். தெளிவான படத்தை நேரடியாக அனுப்ப நொடிக்கு 50 இலட்சம் பிட்டாவது, அதாவது 5 மெகாபிட்டாவது, தொடர்ந்து வெளியே போக வேண்டும். அதற்கு இரு மடங்கு இருந்தால்தான் நிம்மதி. திருவிழாக் கூட்டத்தில் எல்லாரும் கைத்தொலைபேசியைத் தூக்கும்போது இந்த வேகம் இன்னும் விழும். ஆகவே காலையில் ஆளில்லாத நேரத்தில் சோதித்துவிட்டு நம்பியிருக்க வேண்டாம். முந்தின ஆண்டு கூட்டம் எந்த நேரத்தில் கூடியது என்று கோயில் தலைவரைக் கேட்டு, அந்த நேரத்துக்கு மாற்று வழி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

தாமதம் என்றால் என்னவென்று இன்றிரவே வீட்டில் பார்த்துவிடலாம். அண்ணனும் தங்கையும் எதிரெதிரே உட்கார்ந்து, அண்ணன் 'ஒன்று', தங்கை 'இரண்டு', அண்ணன் 'மூன்று' என்று முடிந்த அளவு வேகமாக 20 வரை எண்ணட்டும். அம்மா கடிகாரத்தைப் பார்த்து எத்தனை நொடி என்று குறித்துக்கொள்ளட்டும். பிறகு ஒருவர் வாசலுக்கு வெளியே சற்றுத் தள்ளிப் போய், கைத்தொலைபேசியில் அழைத்து, அதேபோல் மறுபடி எண்ணட்டும். நேரம் கூடியிருக்கும். கூடிய நொடிகளை 20ஆல் வகுத்தால், ஒருவர் குரல் மற்றவரிடம் போய்ச் சேரப் பிடித்த நேரம் ஏறக்குறையக் கிடைத்துவிடும். நாங்கள் செய்து பார்த்தபோது 4 நொடிகள் கூடின. அதாவது ஒரு சொல்லுக்கு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு. எதிர்க் குன்றுக் கணக்கில் சொன்னால், நாங்கள் இருவரும் சுமார் 68 மீட்டர் தள்ளி நின்று கூவிப் பேசியதற்குச் சமம்.